டெல்லியில் மாட்டிக்கொண்ட அன்று தனி விமானத்துக்கு 50,000 முன்பணம் கொடுத்தேன், அது உண்மையில் பறந்திருக்குமா?

தேனி_செல்வம்

நண்பர்களே, இரண்டு மாதமாக மனதில் கிடந்து உறுத்துகிற விஷயம், இங்கே விமானத்துறை ஆட்கள் சிலர் இருப்பதால் கேட்கிறேன். 2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. நாடு முழுக்க இண்டிகோ விமானங்கள் ரத்தாகிக்கொண்டிருந்த அந்த வாரம். நான் டெல்லியில் வேலை பார்க்கிறேன். அக்கா மகளுக்கு 8-ம் தேதி காலை 6 மணியிலிருந்து ஏழரைக்குள் மதுரையில் முகூர்த்தம். நான் ஒரே தாய்மாமன். வேலை முடியாததால் டிக்கெட்டைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன், அது என் தப்பு. 5-ம் தேதி மதியம் தேடினால் எதிலுமே இடம் இல்லை.

அப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். தெற்கே போக வேண்டிய ஆறு பேர் சேர்ந்து சார்ட்டர், அதாவது ஒரு தனி விமானத்தையே வாடகைக்கு எடுக்கலாம், மொத்தம் 24 லட்சம், ஆளுக்கு நாலு லட்சம், விமானத்தைப் பிடித்து வைக்க இப்போதே ஆளுக்கு 50,000 என்று ஒரு ஏஜென்ட் பேசினார். நாலு லட்சம் எனக்குப் பெரிய தொகை, ஆனால் அக்காவுக்கு நான் ஒருத்தன்தானே என்று நினைத்து அனுப்பிவிட்டேன். காலை 6 மணிக்கு டெர்மினல் 1-க்கு வரச் சொன்னார். இரவு 11 மணிக்கு ஸ்லாட், அதாவது விமானம் கிளம்ப ஒதுக்கும் நேரம், வரவில்லை என்றார். மறுநாள் காலையில் விமானத்தில் ஏதோ கோளாறு, மதியம் வேறு விமானம் என்றார். சாயங்காலம் போனை எடுக்கவே இல்லை.

6-ம் தேதி இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் எப்படியோ ஓர் இடம் கிடைத்தது. 8-ம் தேதி காலையில் சென்னை சென்ட்ரலில் இறங்கி நிற்கிறேன், வீடியோ காலில் நாதஸ்வரமும் கெட்டிமேளமும் கேட்கிறது, என் பெரியப்பா மகன் மாமன் இடத்தில் நின்று மாலை போடுகிறான். மோதிரமும் பட்டும் என் பைக்குள்ளேயே இருந்தன.

கேள்வி இரண்டு. அந்த விமானம் உண்மையிலேயே வந்திருக்க வாய்ப்பு உண்டா? முன்பணத்தை வாங்க வழி உண்டா?

ரயில்_நேசன்

செல்வம் சார், படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. சொல்ல மனம் வரவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அதே தமிழ்நாடு எக்ஸ்பிரஸை 5-ம் தேதி இரவு பிடித்திருந்தால் 7-ம் தேதி காலை சென்னை, மாலைக்குள் மதுரை. நிஜாமுதீனிலிருந்து நேரே மதுரைக்குப் போகும் சம்பர்க் கிராந்தி வாரத்தில் சில நாள்தான், அதனால் சென்னை வழிதான் உங்களுக்கு இருந்தது. ரயில்வே அந்த நாட்களில் 37 ரயில்களில் 116 பெட்டிகள் கூடுதலாகச் சேர்த்தது, வெயிட்டிங் லிஸ்ட் கொஞ்சம் நகர்ந்தது.

தேனி_செல்வம்

தெரியும் நேசன். அதுதான் உறுத்துகிறது. 5-ம் தேதி இரவு எட்டு மணிக்கு நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். விமானம் உறுதி என்று அவர் சொன்னதை நம்பி அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ரன்வே_07

நான் சென்னையில் சார்ட்டர் ஆபரேஷன்ஸில் 11 வருடமாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கணக்கு. டெல்லி மதுரை நடுத்தர ஜெட்டில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். மணிக்கு மூன்று லட்சம் என்று வைத்தால் ஒரு வழி ஒன்பது. விமானம் காலியாகத் திரும்பிப் போகும் காசும் உங்கள் தலையில்தான், ஆகப் பதினெட்டு. தரையிறங்கும் கட்டணம், தரையில் விமானத்தைக் கவனிக்கும் ஹேண்ட்லிங் செலவு, பைலட்டுகள் தங்கும் செலவு, அப்புறம் 18 சதவீத ஜிஎஸ்டி. 23, 24 லட்சம் வந்துவிடும். ஆகவே அவர் சொன்ன தொகை நம்பும்படியானதுதான், தொழில் தெரிந்த ஆள். பீனம் 100 மாதிரி சின்ன ஜெட்டில் விலை குறையும். ஆனால் ஆறு பேரும் கல்யாணப் பைகளும் ஏறினால் அது நடுவில் எங்காவது எண்ணெய்க்கு இறங்க வேண்டி வரும்.

எனக்குச் சந்தேகம் வந்த இடம் வேறு. டெர்மினல் 1-க்கு வரச் சொன்னார் என்கிறீர்கள். டெல்லியில் சார்ட்டர் பயணிகளுக்குத் தனியாக ஜெனரல் ஏவியேஷன் டெர்மினல் இருக்கிறது. உண்மையில் விமானம் ஏற்பாடு செய்த ஆள் அங்கே எந்த வாசலுக்கு வர வேண்டும், யார் அழைத்துப் போவார் என்று பெயரோடு சொல்லியிருப்பார். ஆறு பேருடைய அடையாள அட்டை நகலைக் கேட்டாரா? பயணிகள் பட்டியல் கொடுக்காமல் எந்த விமானமும் கிளம்பாது. பணம் கம்பெனிக் கணக்குக்குப் போனதா, தனிநபர் யுபிஐக்கா?

தேனி_செல்வம்

தனிநபர் யுபிஐதான். ஆதார் கேட்கவே இல்லை. விமானத்தின் படம் ஒன்று அனுப்பினார், வாலில் விடி என்று தொடங்கும் எண் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ரன்வே_07

விடி என்பது இந்தியாவில் பதிவான எல்லா விமானத்துக்கும் உள்ள முன்னெழுத்து. அது இருப்பதால் மட்டும் ஒன்றும் உறுதியாகாது. வாடகைக்கு ஆள் ஏற்ற நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர் பெர்மிட் வேண்டும், எங்கள் வாயில் என்எஸ்ஓபி. யாரிடம் அந்த பெர்மிட் இருக்கிறது என்ற பட்டியலை விமானத்துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ தன் வலைத்தளத்தில் வைத்திருக்கிறது. ஒரு தொழிலதிபர் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் விமானத்தில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. அப்படி ஏறி ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். அந்த எண்ணை இங்கே பொதுவில் போடாதீர்கள், எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

அன்று இரவு எங்கள் ஆபீஸில் என்ன நடந்தது என்றும் சொல்கிறேன். இரண்டு போன், இரண்டும் கீழே வைக்க முடியவில்லை. எங்களிடம் இருந்தது இரண்டு விமானம். ஒன்று ஒரு கல்யாணத்துக்காக அகமதாபாத்தில் நின்றது, டிசம்பர் கல்யாண சீசன், மூன்று மாதம் முன்னாலேயே பதிவானது. இன்னொன்று பராமரிப்பு முடிந்து அன்று மாலைதான் வெளியே வந்தது. கேட்டு வந்தவர்களில் மேடைப் பேச்சுக்குப் போக வேண்டியவர் இருந்தார், பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டிய அப்பா இருந்தார், கல்லீரல் மாற்று அறுவைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அழுதபடி பேசிய ஓர் அம்மா இருந்தார். அந்த அம்மாவுக்குக் கொடுத்தோம். மற்ற அத்தனை பேருக்கும் முதல் நிமிடத்திலேயே இல்லை என்று சொன்னேன். பார்க்கிறேன், காத்திருங்கள் என்று சொல்வதுதான் அந்த நேரத்தில் ஒருவருக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். உங்கள் விஷயத்தில் நடந்தது அதுதான்.

கோமதி_திருச்சி

ரன்வே அண்ணா, உங்கள் நேர்மையை மதிக்கிறேன், ஆனால் ஒரு கேள்வி. 6-ம் தேதி அரசு விமான டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500, ஆயிரம் வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. சார்ட்டருக்கு ஏன் அப்படி எதுவும் இல்லை? ஆளுக்கு நாலு லட்சம் என்பது ஊர் எரியும்போது கொள்ளையடிக்கிற மாதிரி இல்லையா?

ரன்வே_07

கோமதி, கோபம் நியாயமானது. ஆனால் டிக்கெட் வேறு, சார்ட்டர் வேறு. 180 பேர் போகும் விமானத்தின் செலவை 180 பேர் பகிர்கிறார்கள், இங்கே ஆறு பேர். சாதாரண நாளில் கேட்டாலும் நான் சொல்லியிருக்கும் விலை கிட்டத்தட்ட இதுதான். கொள்ளை நடக்கும் இடம் எங்கே என்றால், நடுவில் இருக்கும் ஏஜென்ட் ஆபரேட்டர் சொன்ன விலைக்கு மேல் ஐந்து லட்சம் ஏற்றுவது, அப்புறம் காலியாகத் திரும்பும் பயணத்துக்கு முதலில் எடுத்தவரிடமும் அதில் ஏறுபவரிடமும் முழு விலை வாங்குவது. இரண்டும் அந்த வாரம் நடந்தது, எனக்குத் தெரியும், அதை நான் நியாயப்படுத்தவில்லை. மும்பையிலோ டெல்லியிலோ நிற்கும் விமானம் உங்களுக்காகச் சென்னை வரை காலியாக வர வேண்டும் என்றால் காசு கூடும். ஏற்கெனவே சென்னையில் ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பப் போகிற விமானம் என்றால் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கலாம். இதற்கு எங்கள் பேச்சில் எம்ப்டி லெக் என்று பெயர். ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே, விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்பதுதான். அதற்குப் பதில் தெரியாத ஆளிடம் விமானம் இல்லை.

ஷார்ஜா_தம்பி

இந்த இழையைப் படித்ததும் 2021 ஞாபகம் வந்துவிட்டது. அப்பா இறந்து ஊருக்கு வந்திருந்தேன், ராமநாதபுரம் பக்கம். பதினாறாம் நாள் காரியம் முடித்துக் கிளம்பலாம் என்று இருந்தபோது இந்தியாவிலிருந்து வரும் விமானங்களை ஏப்ரல் 24 நள்ளிரவோடு அமீரகம் நிறுத்துகிறது என்று அறிவிப்பு. அறிவித்தது 22-ம் தேதி, கையில் இரண்டு நாள். மும்பை துபாய் டிக்கெட் எண்பதாயிரம் வரை போனது. அதே இரண்டு நாளில் பணக்காரர்கள் தனி ஜெட் பிடித்துத் துபாய் போனார்கள், செய்தியில் எல்லாம் வந்தது. தடைக்குப் பிறகும் தனி ஜெட்டுக்குச் சில நிபந்தனைகளோடு கதவு திறந்தே இருந்தது. எங்களுக்கு மூடியது. ஆகஸ்ட் 5-ம் தேதி, அங்கேயே இரண்டு ஊசியும் போட்டவர்கள் திரும்பலாம் என்ற பிறகுதான் எனக்கு வழி வந்தது. மூன்றரை மாதம் சம்பளம் இல்லை. என்னோடு அறையில் இருந்த இரண்டு பேருக்கு விசாவே போய்விட்டது.

அந்த ஜெட்டில் போனவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் குடும்பம் இருக்கும். ஆனால் நோய்க்காக மூடுகிறோம் என்று சொல்லிவிட்டு எட்டுப் பேர் வருகிற வாசலை மட்டும் ஏன் திறந்து வைக்க வேண்டும்? இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

கோமதி_திருச்சி

தம்பி, இதைத்தான் நான் கேட்க வந்தேன், நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். செல்வம் அண்ணா மாதிரி ஒருவர் மாமன் முறை செய்ய நாலு லட்சம் கொடுக்கத் துணிந்தார் என்றால், அவருக்கு வேறு வழியே இல்லை என்ற நிலையை யாரோ உண்டாக்கியிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசாமல் ஏஜென்டை மட்டும் திட்டிப் பயனில்லை.

ரன்வே_07

உண்மைதான். டிசம்பர் பிரச்சினையின் வேர் மழையோ மூடுபனியோ இல்லை. பைலட்டுகளின் ஓய்வு நேர விதி நவம்பர் 1 முதல் முழுதாக அமலுக்கு வந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு. விதி 2024 ஜனவரியிலேயே வெளியானது, திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. உள்நாட்டுப் பயணிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட ஏற்றுகிற இண்டிகோ, அதற்கு வேண்டிய பைலட்டுகளைத் தயாராக வைத்திருக்கவில்லை. 5-ம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் ரத்து. டெல்லியிலிருந்து கிளம்ப வேண்டிய அவர்களுடைய உள்நாட்டு விமானம் அத்தனையும் நள்ளிரவு வரை ரத்து. ஒரே கம்பெனி இவ்வளவு பெரிதாக இருந்தால் அது தும்மினால் நாடே படுத்துவிடுகிறது. அந்த விதி தேவையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தூக்கம் இல்லாத பைலட்டோடு நானும் என் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன்.

அரவிந்த்_கே

அப்படியென்றால் காசு இருப்பவருக்கு இந்த மாதிரி நேரத்தில் சார்ட்டர் கைகொடுக்கும்தானே? விமானம் கிடைத்தால் போதுமா?

ரன்வே_07

எது நின்றுபோயிருக்கிறது என்பதைப் பொறுத்தது அரவிந்த். இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

டிசம்பரில் நின்றது ஒரு கம்பெனி. வானம் திறந்திருந்தது, விமான நிலையம் திறந்திருந்தது, ஆகவே சார்ட்டர் ஓடியது. அதிலும் சிக்கல் இருந்தது. புனேயில் பைலட் இல்லாமல் நின்ற பெரிய விமானங்களே நிறுத்துமிடத்தை அடைத்துக்கொண்டன, மற்ற கம்பெனி விமானங்களுக்கே இடம் கிடைக்காமல் தாமதமானது. அந்த நிலையில் சின்ன ஜெட்டுக்கு எங்கே இடம் கேட்பது?

அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 7-ம் தேதி டெல்லியில் நடந்தது வேறு. விமானத் திட்டங்களைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுபோகும் கணினி அமைப்பு கோளாறாகி, கையால் எழுதி வேலை பார்த்தார்கள். 800 விமானங்களுக்கு மேல் தாமதம். எங்கள் விமானமும் ஃபிளைட் பிளான் போட்டு, விமானத் தகவல் மையத்தின் எஃப்ஐசி நம்பரும் விமானப்படையின் வான் பாதுகாப்பு அனுமதி நம்பரும் வாங்கித்தான் நகர வேண்டும். அன்று கோடி ரூபாய் கொடுத்தாலும் அதே வரிசைதான். அதே 2025 மே மாதம் பாகிஸ்தான் எல்லையில் சண்டை நடந்தபோது ஸ்ரீநகர், அமிர்தசரஸ், சண்டிகர், ஜோத்பூர் என்று 32 விமான நிலையங்களை மூடினார்கள். ஒருவர் ஸ்ரீநகரிலிருந்து குடும்பத்தை எடுத்துவர என்ன விலையானாலும் சரி என்றார். விலையே கிடையாது சார், கதவு மூடியிருக்கிறது, சாலை வழியாக எந்தப் பக்கம் வர முடியும் என்று பாருங்கள், அங்கிருந்து எடுக்கிறோம் என்று சொன்னேன்.

நம் ஊரிலேயே 2015 டிசம்பர் 1 இரவு ஓடுபாதையில் அடையாற்றுத் தண்ணீர் ஏறி சென்னை மூடியது. ஜெட் வைத்திருந்தவர்களுடைய ஜெட்டே தண்ணீரில் நின்றது. அரக்கோணம் கடற்படைத் தளத்தைத் திறந்துவிட்டு அங்கிருந்துதான் ஆட்களை ஏற்றினார்கள். 6-ம் தேதிதான் மீனம்பாக்கத்தில் பயணிகள் விமானம் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் அப்போது இந்த வேலைக்குப் புதிது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்த காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு சின்ன விமானம் மிதந்து போய் இன்னொன்றின் இறக்கை மேல் சாய்ந்து கிடந்தது.

லண்டன்_வாசி

ரன்வே சொல்வது மெத்தச் சரி. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் வந்தபோது நான் இங்கேதான். ஏப்ரல் 15-இலிருந்து ஆறு நாள் பிரிட்டன் வானில் பயணிகள் விமானம் ஏறக்குறைய ஒன்றும் பறக்கவில்லை. மகாராணியின் விமானம் என்றாலும் எஞ்சினுக்குள் சாம்பல் போனால் கண்ணாடி போல உருகி ஒட்டிக்கொள்ளும். நாட்டுத் தலைவர்களே போலந்து ஜனாதிபதியின் இறுதிச் சடங்குக்குப் போக முடியாமல் நின்றார்கள். பார்சிலோனா கால்பந்து அணி மிலானுக்குப் பஸ்ஸில் போனது.

ஆனால் 2025 மார்ச் 21-ஆம் திகதி ஹீத்ரோ மூடினது அப்படி இல்லை. பக்கத்து மின் துணைநிலையத்தில் தீ, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஹீத்ரோ இல்லை. மேலே வானம் திறந்துதான் இருந்தது. தனி ஜெட்டுகள் போகிற ஃபார்ன்பரோ, பிகின் ஹில் எல்லாம் வேறு இடம், அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று காசு உள்ளவருக்கு வழி இருந்தது. எரிமலைக்கு இல்லை.

அரவிந்த்_கே

இப்போது புரிகிறது. நன்றி. இனி யாராவது கேட்டால் முதலில் எது மூடியிருக்கிறது என்று கேட்கிறேன்.

ரன்வே_07

செல்வம் சார், உங்கள் தனிச்செய்தி வந்தது. அந்த எண்ணைப் பார்த்தேன். வாடகைக்கு ஓட்டும் விமானம் இல்லை அது, தனியார் சொந்த உபயோக வகை. அதைப் பராமரிக்கிற இடத்தில் தெரிந்தவரிடம் கேட்டேன். டிசம்பர் முதல் வாரம் முழுக்க எஞ்சின் கழற்றி ஹேங்கரில் கிடந்திருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்குப் பதில், வந்திருக்காது. 24 லட்சத்தையும் அன்றே கட்டியிருந்தாலும் வந்திருக்காது.

பணத்துக்கு: 1930-க்கு அழையுங்கள், சைபர் குற்றப் புகார் எண். யுபிஐ பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் பேச்சு, அந்தப் படம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டதால் அந்தக் கணக்கில் பணம் இருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது. அன்றே அழைத்திருந்தால் முடக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மற்ற ஐந்து பேரும் தனித்தனியாகப் புகார் கொடுத்தால் ஒரே கணக்கின் மேல் ஆறு புகார் விழும், அதற்குக் கனம் உண்டு. அவர்களை விடாதீர்கள்.

தேனி_செல்வம்

எல்லாருக்கும் நன்றி. ரன்வே சார், அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வந்திருக்காது என்று தெரிந்தது ஒரு வகையில் நிம்மதி. இன்னும் ஒரு லட்சம் புரட்டி அனுப்பியிருந்தால் நடந்திருக்குமோ என்று இரண்டு மாதமாக இரவில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து பேரில் மூன்று பேரைப் பிடித்துவிட்டேன். ஒருவர் கோயம்புத்தூர், அவர் அம்மாவின் ஆபரேஷனுக்குப் போக வேண்டியவர், அவரும் இதே மாதிரி ஒரு நாள் தள்ளிப் போய்ச் சேர்ந்திருக்கிறார். இன்று காலை 1930-க்குப் பேசினேன், புகார் எண் வந்துவிட்டது, மற்றவர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா இன்னும் முன்போலப் பேசுவதில்லை, அத்தானிடம் போனைக் கொடுத்துவிடுகிறாள். மாசியில் பொண்ணும் மாப்பிள்ளையும் ஊருக்கு வருகிறார்கள். நான் நாலு நாள் முன்னாலேயே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டேன், கன்ஃபார்ம் ஆகிவிட்டது. மோதிரத்தை அன்று கையில் போடுகிறேன் என்று பொண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.

ரயில்_நேசன்

எந்தப் பெட்டி, எந்த இருக்கை என்று எனக்கு அனுப்புங்கள் சார். விஜயவாடாவில் என் தம்பி இருக்கிறான், வண்டி வரும் நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பான்.